பெயர் எழுதப்படாத படங்கள்

கண்டியில் வாழும் நண்பர் ஒருவர் ஊவாவின் பழைய புகைப்படங்கள் சிலவற்றைச் சென்ற வாரம் மின்னஞ்சலில் அனுப்பியிருந்தார். 'நம் ஊர்ப் பிரமுகர்கள்' என்று தலைப்பும் இட்டிருந்தார்.

முதலில் தாமஸ் லிப்டன், அந்தப் புகழ்பெற்ற மீசையுடன். 1890இல் இலங்கைக்கு வந்து அப்புத்தளைக்கு அருகே டம்பேதென்னை தோட்டத்தை வாங்கியவர். அடுத்தவர் சேர் தாமஸ் வில்லியர்ஸ். அதே அப்புத்தளையில் 1931இல் அடிஷம் மாளிகையை எழுப்பியவர். (இப்போது அது பெனடிக்டைன் துறவிகளின் மடம்.) மூன்றாவது படத்தில் கூடை சுமந்த பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர். அதன் அடியில் ஆங்கிலத்தில் 'தமிழ்க் கூலிகள், ஊவா' என்று மட்டும் இருந்தது.

பத்திரிகை வாழ்க்கையில் படங்களுக்குக் குறிப்பு எழுதியே கண் கெட்டவன் நான். 'இடமிருந்து வலமாக' என்ற சொற்களை எத்தனை ஆயிரம் தடவை எழுதியிருப்பேனோ தெரியாது. ஆகவே அந்த மூன்றாவது படத்தைக் கடந்து செல்ல மனம் வரவில்லை.

இது ஊவாவுக்கு மட்டும் உரிய வழக்கமன்று. டார்வினையும் டென்னிசனையும் படம் பிடித்துப் புகழ்பெற்ற ஜூலியா மார்கரெட் கேமரன் அம்மையார் 1875இல் இலங்கைக்கு வந்து, 1879இல் இங்கேயே காலமானார். இங்கு அவர் எடுத்த படங்களில் எஞ்சியவை மிகச் சிலவே. இங்கிலாந்தில் அவர் முன் அமர்ந்த பெரியோருக்குப் பெயர் உண்டு. இங்கே நின்ற உழைப்பாளிகளில் பெரும்பாலோருக்கு அது இல்லை. கொழும்பில் ஸ்கீன், பிளாட்டே முதலிய ஸ்டூடியோக்கள் பயணிகளுக்கு விற்ற கொழுந்துப் பெண்களின் படங்களும் அப்படித்தான்.

பிரமுகர்கள் எம்மிடையே இல்லாமற் போகவில்லை. 1947இல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் சார்பில் பாராளுமன்றம் சென்ற எழுவரில் ஒருவரான எஸ்.எம். சுப்பையா பதுளையின் பிரதிநிதி. மறு ஆண்டே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. அதைத் தொடர்ந்து வாக்குரிமையும் பறிபோயிற்று. 1952 தேர்தலில் காங்கிரசுக்கு ஓர் ஆசனமும் இல்லை. நண்பரின் தொகுப்பில் சுப்பையா இல்லை. 1940 மே மாதம் பொலிஸ் தடையை மீறிப் பதுளையில் பேசிய என்.எம். பெரேராவின் படங்கள் வேண்டிய அளவு கிடைக்கின்றன. அவ்வாண்டு வேவெஸ்ஸ தோட்டத்தில் போராடிய தொழிலாளர்களின் படம் ஒன்றுகூட என் கண்ணில் பட்டதில்லை.

பெயரோடு முகத்தையும் சேர்த்து அரசாங்கம் எம்மவரிடம் பரவலாகக் கேட்ட காலம் ஒன்று பின்னர் வந்தது. 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும். 3,00,000 பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை வழங்க வேண்டும். போகிறவர்களுக்குக் கடவுச்சீட்டு வேண்டும். கடவுச்சீட்டுக்குப் படம் வேண்டும். மலையிலிருந்து இறங்கி வந்து, பதுளை பஸார் வீதி ஸ்டூடியோவில் வரிசையில் நின்றார்கள். என் அத்தையும் நின்றார். அவருக்கு அதுவே முதற்படம். சிரிக்க வேண்டாம் என்று ஸ்டூடியோக்காரர் சொல்லியிருக்க வேண்டும். அத்தை சிரிக்காமல் இருக்கும் ஒரே முகம் அதுதான். 1972இல் பதுளையில் ரயிலேறி, பொல்காவலையில் மாறி, தலைமன்னாரில் கப்பலேறிப் போனார். ஒரு பிரதி எங்களிடம் தங்கிற்று.

இனி என் குற்றத்தையும் சொல்லிவிட வேண்டும். 1980களில் ஹாலிஎலப் பக்கம் ஒரு தோட்டத்துக்குச் செய்தி சேகரிக்கச் சென்றபோது, கொழுந்து பறித்துக்கொண்டிருந்த வயதான பெண்ணொருவரைப் படம் எடுத்தேன். மறுவாரம் அது பெரிதாக வெளிவந்தது. 'ஊவாவில் கொழுந்து பறிக்கும் மூதாட்டி' என்று குறிப்பு எழுதியவன் நானே. அவ்வளவு நேரம் அவருடன் பேசியும் பெயரைக் கேட்கத் தோன்றவில்லை. லயத்தில் பிறந்து வளர்ந்தவனுக்கே தோன்றவில்லை.

சில ஆண்டுகள் கழித்து, பதுளை பஸ் நிலையத்தில் நடுத்தர வயதுப் பெண்மணி ஒருவர் என்னை அடையாளம் கண்டு அருகில் வந்தார். "தம்பி, நீங்க பேப்பர்ல போட்டது எங்க அம்மா படம். அம்மா போன வருசம் தவறிட்டாங்க. வேற படம் வீட்டுல இல்ல. பேப்பர்ல வெட்டினதும் மஞ்சளாப் போச்சு" என்றார். சினம் சிறிதும் இல்லை. அதனாலேயே என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அலுவலகத்தில் நெகட்டிவைத் தேடி எடுக்க இரண்டு நாள் ஆயிற்று. பெரிய பிரதி ஒன்று போட்டு நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் அதை முந்தானையால் துடைத்தார்; பிறகு திருப்பி என்னிடம் நீட்டி, "பின்னால பேரு எழுதிக் குடுங்க தம்பி, பேரப்பிள்ளைங்களுக்குத் தெரியணும்ல" என்றார். தாயின் பெயர், தந்தையின் பெயர், தோட்டத்தின் பெயர், டிவிஷனின் பெயர் என அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். அது அந்த வீட்டுக்குரியது. ஆகையால் அந்தப் பெயரை இங்கு எழுதவில்லை.

நண்பருக்கு இன்னும் பதில் அனுப்பவில்லை. அந்த மூன்றாவது படத்தை யாரிடமிருந்து பெற்றார், தோட்டம் எதுவென்று அங்கே யாருக்காவது தெரியுமா என்று முதலில் கேட்க வேண்டும்.