புளிப்பும் காரமும்

நம் மொழியில் 'காரம்' என்னும் சொல் இருவேறு பொருள்களைச் சுமந்து நிற்கிறது. குழம்பில் மிளகாய் மிகுந்துவிட்டால் காரம் என்கிறோம். வேதியியல் நூலைத் திறந்தாலோ, அமிலத்துக்கு எதிர்க்குணம் உடையதற்குக் காரம் என்று பெயர். துணி வெளுக்கும் சவர்க்காரமும், பொற்கொல்லர் பட்டறையில் பயன்படும் வெண்காரமும் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. படிக்காரமோ பெயரளவில் மட்டுமே காரம். நீரில் கரைத்தால் அமிலத் தன்மையையே காட்டும். பெயரைக் கொண்டும் சுவையைக் கொண்டும் பொருளின் இயல்பை அளந்துவிட இயலாது என்பதற்கு இச்சிறு சொல்லே சான்றாகும்.

அண்மைக் காலமாகப் பங்கு மக்களின் இல்லங்களைச் சந்திக்கச் செல்லும்போதெல்லாம் இச்சொல் நம் செவியில் விழுந்துகொண்டே இருக்கிறது. "சாமி, இரத்தத்தில் அமிலம் கூடிப்போவதுதான் எல்லா நோய்க்கும் வேராம். கார உணவாகச் சாப்பிட்டால் சர்க்கரை, மூட்டுவலி, புற்றுநோய் எல்லாம் போய்விடுமாம்" என்கிறார்கள். சிலர் நிறம் மாறும் தாள்களை வாங்கி வைத்துக்கொண்டு, காலைதோறும் தம் சிறுநீரைச் சோதித்துப் பார்க்கின்றனர். சிலர் குடிநீரைக் காரமாக்கும் இயந்திரத்துக்கென இலட்சக்கணக்கில் கடன் பட்டிருக்கின்றனர். வேறு சிலர், இதுவே போதும் என எண்ணி, ஆண்டுக்கணக்காக உட்கொண்ட மாத்திரைகளை நிறுத்திவிடுகின்றனர். இந்த மூன்றாவது செய்திதான் நம்மைக் கவலைகொள்ளச் செய்தது. நாம் மருத்துவம் கற்றவர் அல்லோம். ஆயினும், நோயுற்றோரின் கட்டிலருகே அமர்வது நம் அன்றாடப் பணியாதலால், நம் பங்கைச் சேர்ந்த மருத்துவர் ஒருவரிடம் நூல்களை இரவல் பெற்றும், ஐயங்களைக் கேட்டுத் தெளிந்தும், அறிந்துகொண்டவற்றை வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

அமிலத்தையும் காரத்தையும் அளக்கும் கோலை 1909-ஆம் ஆண்டில் வகுத்துத் தந்தவர், டென்மார்க் நாட்டு வேதியியல் அறிஞர் சோரன்சன். கோபன்ஹேகன் நகரில், கார்ல்ஸ்பர்க் பீர் ஆலையைச் சார்ந்த ஆய்வுக்கூடத்தில் பணியாற்றியவர் அவர். 'பி.எச்.' என வழங்கும் அந்த அளவுகோலில் 7 என்பது நடுநிலை; அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். ஒரு படி இறங்கினால் அமிலத் தன்மை பத்து மடங்கு கூடிவிடும். நம் இரைப்பையில் சுரக்கும் நீர் ஏறத்தாழ 1.5 முதல் 3.5 வரை நிற்கும் கடும் அமிலம். சிறுநீர் 4.5 முதல் 8 வரை எங்கும் ஏறி இறங்கலாம். இரத்தமோ 7.35-க்கும் 7.45-க்கும் இடைப்பட்ட மிக ஒடுங்கிய பாதையிலேயே நடக்கிறது. அது 6.8-க்குக் கீழே இறங்கினாலும், 7.8-க்கு மேலே ஏறினாலும் உயிர் தரித்தல் அரிது. ஆக, நலமுள்ள மனிதனின் இரத்தம் எப்போதும் சற்றே காரத்தன்மை உடையதுதான். அதனைக் காரமாக்க நாம் புறப்பட வேண்டியதில்லை.

அவ்வாறாயின் உணவுக்கும் இச்சமநிலைக்கும் தொடர்பே இல்லையா? அப்படிச் சொல்வதும் பிழையே. நம் பாட்டிமார் எண்ணெய்ப் பிசுக்கேறிய பாத்திரத்தைச் சாம்பலாலும், களிம்பேறிய பித்தளையைப் புளியாலும் துலக்கினர். விறகின் சாம்பலில் பொட்டாசியம் முதலிய உப்புகள் எஞ்சி நிற்பதால் அது காரம். இதே நோக்கில், ஒவ்வோர் உணவுப் பொருளும் எரிந்தபின் எஞ்சுவது அமிலமா, காரமா என்று அறிஞர்கள் ஆராயத் தலைப்பட்டனர். 1912-ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர்களான ஷெர்மன், கெட்லர் ஆகிய இருவரும் இதுபற்றிய ஆய்வொன்றை வெளியிட்டனர். 1995-இல் ஜெர்மானிய ஆய்வாளர்களான ரீமர், மான்ஸ் ஆகியோர், ஒவ்வோர் உணவும் சிறுநீரகத்தின்மீது ஏற்றும் அமிலச் சுமையைக் கணக்கிட்டுப் பட்டியலிட்டனர். இறைச்சி, மீன், முட்டை, பாலாடைக்கட்டி, தானியங்கள் ஆகியன அமிலப் பக்கம். காய், கனி, கீரை ஆகியன காரப் பக்கம். பால் ஏறத்தாழ நடுவில்.

இதற்குக் காரணம் சுவையன்று. புரதத்திலுள்ள கந்தகம் உடலில் எரிந்து சிறிதளவு கந்தக அமிலமாக முடிகிறது. எலுமிச்சையிலுள்ள புளிப்போ முற்றிலும் எரிந்துபோய்க் காரத்தையே விட்டுச் செல்கிறது. நாவில் புளித்தது உடலுக்குள் காரமாக முடிவது வியப்பன்றோ?

பிரெஞ்சு நாட்டு மருத்துவ அறிஞர் கிளோட் பெர்னார்ட் 1865-இல் வெளியிட்ட நூலில் ஒரு நிகழ்ச்சியைக் குறிப்பிடுகிறார். சந்தையிலிருந்து அவருடைய ஆய்வுக்கூடத்துக்கு முயல்கள் சில கொண்டுவரப்பட்டன. புல் தின்னும் முயலின் சிறுநீர் கலங்கலாகவும் காரமாகவும் இருப்பதே வழக்கம். அந்த முயல்களுடையதோ தெளிவாகவும், புலால் உண்ணும் விலங்கினுடையதைப் போன்று அமிலமாகவும் இருந்தது. அவை நெடுநேரம் பட்டினி கிடந்து தம் உடற்தசையையே எரித்து வாழ்ந்திருக்க வேண்டும் என்று அவர் ஊகித்தார். புல்லைக் கொடுத்ததும் சிறுநீர் மீண்டும் காரமாயிற்று. பட்டினி போட்டதும் அமிலமாயிற்று. வேகவைத்த மாட்டிறைச்சியை முயலுக்கே ஊட்டியபோதும் அமிலமாகவே இருந்தது. உணவு மாறச் சிறுநீர் மாறும் என்பது அன்றே மெய்ப்பிக்கப்பட்டது. உயிரியின் அகச்சூழல் மாறாநிலையில் காக்கப்படுகிறது என்னும் பெருங்கருத்தை உலகுக்கு அளித்தவரும் அதே பெர்னார்ட்தான் என்பதை நாம் மறத்தலாகாது.

அக்காவல் எவ்வாறு நடைபெறுகிறது? நம் உடலின் செல்கள் ஓயாது வெளியிடும் கரியமில வாயு இரத்தத்தில் கரைந்து அமிலமாகிறது. உணவுப் புரதத்தால் விளையும் அமிலத்தினும் இது நூறு மடங்குக்கும் மேற்பட்டது. இதனை நுரையீரல் மூச்சோடு வெளியேற்றிவிடுகிறது. எஞ்சிய அமிலத்தை இரத்தத்திலுள்ள பைகார்பனேட் என்னும் பொருள் உடனுக்குடன் தணிக்கிறது. இல்லத்தரசியர் ஆப்ப மாவில் சேர்க்கும் ஆப்பச்சோடாவில் இருப்பதும் இதே பைகார்பனேட்தான். தணிக்கும் பணியில் செலவாகும் பைகார்பனேட்டை ஈடு செய்வது சிறுநீரகம். நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீர்மத்தை வடிகட்டி, வேண்டியதையெல்லாம் மீட்டுக்கொண்டு, ஒன்றிரண்டு லிட்டரை மட்டும் சிறுநீராக வெளியேற்றுகிறது. அதில் அமிலத்தையும் ஏற்றி அனுப்புகிறது. நாம் உறங்கும்போதும் இப்பணி நிற்பதில்லை.

இதனை உணர்ந்தால், தாளில் சோதித்துப் பார்க்கும் பழக்கத்தின் பிழையும் விளங்கும். இறைச்சி உண்ட மறுநாள் சிறுநீர் அமிலமாகத் தோன்றினால், அதனால் இரத்தம் கெட்டுவிட்டது என்று பொருளன்று. வேண்டாததைச் சிறுநீரகம் செவ்வனே வெளியேற்றியது என்பதே பொருள். விலை கொடுத்து வாங்கிய கார நீரும் முதலில் இரைப்பையின் கடும் அமிலத்தில்தான் விழுகிறது. அமில உணவு எலும்பைக் கரைத்துவிடும் என்னும் கருத்தை 2009, 2011 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்த தொகுப்பாய்வுகள் உறுதிப்படுத்தவில்லை. கார உணவோ கார நீரோ புற்றுநோயைத் தடுக்கும் அல்லது தீர்க்கும் என்பதற்கும் சான்று கிட்டவில்லை என 2016-இல் வெளிவந்த மற்றொரு தொகுப்பாய்வு காட்டியது.

இக்கொள்கையை உலகெங்கும் பரப்பியவர்களுள் ஒருவர் அமெரிக்கரான ராபர்ட் யங். 2002-இல் வெளிவந்த அவருடைய நூல் பெரும் விற்பனை கண்டது. கலிபோர்னியா மாநிலத்திலிருந்த தம் பண்ணையில் நோயாளிகளைத் தங்கவைத்து, ஆப்பச்சோடாக் கரைசலை நரம்பின் வழியே ஏற்றினார். உரிமமின்றி மருத்துவம் பார்த்த குற்றத்துக்காக 2016-இல் குற்றவாளியெனத் தீர்க்கப்பட்டு, 2017-இல் 3 ஆண்டு 8 மாதச் சிறைத் தண்டனை பெற்றார். அவருடைய சொல்லை நம்பி, மார்பகப் புற்றுநோய்க்கு உரிய மருத்துவத்தைத் தள்ளிப்போட்ட பெண் ஒருவர் தொடுத்த வழக்கில், 10.5 கோடி டாலர் இழப்பீடு தர வேண்டுமென 2018-இல் நடுவர் குழு தீர்ப்பளித்தது. கைநழுவிய காலத்தைப் பணம் மீட்டுத் தருமா?

கடல் கடந்த செய்தியோடு நிறுத்திக்கொள்ள நமக்கு மனமில்லை. நம் பங்கில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். நெடுநாள் சர்க்கரை நோயால் அவருடைய சிறுநீரகங்கள் நலிவுற்றிருந்தன. உறவினர் ஒருவரின் அறிவுரையைக் கேட்டு, மாத்திரைகளை நிறுத்திவிட்டு, காலையில் கீரைச்சாறும், நண்பகலில் இளநீரும், இரவில் வாழைப்பழமுமாக உண்ணத் தொடங்கினார். சில வாரங்களில் கால்கள் தளர்ந்தன; நாடி தடுமாறியது. நள்ளிரவில் அழைப்பு வர, திருத்தைலத்துடன் மருத்துவமனைக்கு விரைந்தோம். இரத்தத்தில் பொட்டாசியம் மிகுந்து இதயம் நின்றுவிடும் நிலையில் இருப்பதாக மருத்துவர் கூறினார். அன்றிரவே டயாலிசிஸ் செய்து அவரைப் பிழைக்க வைத்தனர். பின்னொரு நாள் அவர் நம்மிடம், "சாமி, இளநீரும் கீரையும் இயற்கை தந்தவைதானே, அவை எப்படிக் கெடுதல் செய்யும் என்றுதான் நினைத்தேன்" என்றார். அவ்வெள்ளை உள்ளத்தைக் கடிந்துகொள்ள யாருக்கு மனம் வரும்?

நடந்தது இதுதான். காய்கனிகளுக்குக் காரத்தன்மையைத் தரும் உப்புகளுள் தலையாயது பொட்டாசியம். நலமுள்ள சிறுநீரகம் மிகுதியை எளிதில் வெளியேற்றிவிடும். நலிந்த சிறுநீரகத்தால் அது இயலாது. அதே நேரத்தில் அமிலத்தையும் முழுமையாக வெளியேற்ற இயலாமையால், இரத்தத்தில் உண்மையாகவே அமிலம் தேங்கத் தொடங்குவதும் இந்நோயாளருக்கே. இவர்களுக்கு மருத்துவர்கள் சோடியம் பைகார்பனேட் மாத்திரையைக் கொடுப்பதுண்டு. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநில மருத்துவர்கள் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், முற்றிய சிறுநீரக நோயாளர் சிலருக்கு மாத்திரைக்கு மாற்றாகக் காய்கனிகளைக் கொடுத்தபோதும் அமிலநிலை சீரடைந்தது. ஆனால், பொட்டாசியம் மிகும் அச்சம் இல்லாதோரைத் தேர்ந்தெடுத்து, இரத்தத்தை அவ்வப்போது சோதித்தே அவர்கள் அதனைச் செய்தனர். ஆக, கார உணவுக்கு மெய்யாகவே மருத்துவ மதிப்புள்ள இடமும், அது உயிருக்கு ஊறு செய்யக்கூடிய இடமும் ஒன்றே. அங்கே வழிகாட்ட வேண்டியது இரத்தப் பரிசோதனையேயன்றி, அண்டை வீட்டாரின் அனுபவம் அன்று.

சர்க்கரை நோயாளருக்கும் ஒன்று சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். இன்சுலினையே நம்பி வாழ்வோர் அதனை நிறுத்திவிட்டால், உடல் கொழுப்பை அளவின்றி எரித்து, இரத்தத்தில் அமிலத்தைப் பெருக்கிவிடும். மூச்சு ஆழ்ந்து வாங்கும், வாயில் பழவாடை வீசும், பின் மயக்கம். 1922-இல் இன்சுலின் மனிதருக்கு முதன்முதலாகச் செலுத்தப்படும் வரை, இந்நிலைக்கு ஆளான இளையோர் பலர் மாண்டுபோயினர். அமிலத்துக்கு அஞ்சி மருந்தை விடுவோர், எதற்கு அஞ்சினரோ அதனையே தேடிச் செல்கின்றனர்.

இவற்றையெல்லாம் சொல்வதால், காய்கனிகளை உண்ண வேண்டா என்பது நம் கருத்தன்று. நலமுள்ளோர் தட்டில் சோறு குறைந்து, கீரையும் கூட்டும் பொரியலும் மிகுவது நன்றே. இரத்த அழுத்தம் தணியவும், குடல் இயக்கம் சீர்படவும், சிலவகைச் சிறுநீரகக் கற்கள் தோன்றாதிருக்கவும் அவை துணைபுரியும். சிறுநீரகத்தின் சுமையும் ஓரளவு குறையும். இத்துணை நன்மைகள் மெய்யாக இருக்க, இல்லாத அற்புதத்தை அவற்றின் தலையில் ஏற்றி விற்பானேன்?

அந்த ஆசிரியர் இப்போது வாரம் இருமுறை டயாலிசிஸ் செய்துகொள்கிறார். காய்களைச் சிறிதாக நறுக்கி, மிகுந்த நீரில் வேகவைத்து, அந்நீரை வடித்துவிட்டுச் சமைக்கும் முறையை அவருடைய துணைவியார் கற்றுக்கொண்டுள்ளார். நம் அன்பியக் கூட்டங்களில் யாரேனும் புதிய உணவு முறையைப் பற்றிப் பேசத் தொடங்கினால், அவரே குறுக்கிட்டு, "முதலில் கிரியாட்டினின், பொட்டாசியம் எவ்வளவு என்று பார்த்தீர்களா? மருத்துவரைக் கேட்டீர்களா?" என்று வினவுகிறார். நாம் பலமுறை எடுத்துச் சொல்லியும் கேளாதவர்கள், அவர் கேட்டபின் மறுநாளே பரிசோதனைக்குச் செல்வதைக் கண்டு வருகிறோம்.