செனாவாங்கில் ஒரு பிளக் தேடி

தாப்பாவிலிருந்து விடியற்காலையில் கிளம்பி, இருநூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டி, செனாவாங் டோல் சாவடியைத் தாண்டியபோது காடியின் திரையில் 18 விழுக்காடு என்று காட்டியது. என்னுடையது புரோட்டோன் இ.மாஸ் 7. அன்று அத்தை வீட்டில் தங்கிவிட்டு, மறுநாள் மலாக்காவில் ஒரு திருமணத்திற்குப் போகவேண்டும். நெடுஞ்சாலை ஓய்வுத்தலத்திலேயே மின்னூட்டியிருக்கலாம். அங்கே வரிசை நின்றதைப் பார்த்து, ‘செனாவாங்கில் பார்த்துக்கொள்ளலாம்’ என்று வந்துவிட்டேன்.

செனாவாங்கைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. சிரம்பானுக்குத் தெற்கே, ஒரு காலத்தில் பால்மரக் காடாக இருந்த ஊர். இன்று தொழிற்சாலைகள், தாமான்கள், அடுக்குமாடி வீடுகள், ஒரு கொமுட்டர் ரயில் நிலையம். சுற்றியிருந்த தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்கள் பலர் இப்போது இந்தத் தாமான்களில்தான் குடியிருக்கிறார்கள்.

பேரங்காடியின் கார் நிறுத்துமிடத்தில் இரண்டு முனைகள் காலியாக இருப்பதாகச் செயலி பச்சை காட்டியது. போய்ப் பார்த்தால், ஒன்றின் முன்னால் டீசல் பிக்கப் ஒன்று சாவகாசமாக நின்றது. மற்றதில் செருகினேன். திரை சிவந்தது, எடுத்துச் செருகினேன், மறுபடியும் சிவந்தது. உதவி எண்ணை அழைத்தேன். தூரத்திலிருந்தே இயந்திரத்தை அணைத்துப் போட்டுப் பார்த்தார்கள். பயனில்லை.

“மூணு நாளா இப்படித்தான் சார். வர்றவங்க எல்லாம் குத்திப் பார்த்துட்டுப் போறாங்க” என்றார் பாதுகாவலர்.

அடுத்த இடத்திற்கு இன்னொரு செயலி வேண்டும். கைப்பேசியில் இறக்கி, பதிந்து, குறைந்தபட்சத் தொகையைப் போட்டு முடிப்பதற்குள் கால் மணி நேரம் போய்விட்டது. அது 7 கிலோவாட் மெதுமுனை. நல்லவேளை, வேலை செய்தது. எனக்குத் தேவை 30 யூனிட். நான்கு மணி நேரத்திற்கு மேல் ஆகும். காடியை அங்கேயே விட்டுவிட்டு, எதிரே இருந்த கடையில் பசியாறப் போனேன்.

ரொட்டி சானாய் வருவதற்குள் கணக்குப் போட்டேன். 2025 ஜூலையில் வந்த புதிய கட்டண முறைப்படி வீட்டு மின்சாரம், மற்ற கட்டணங்களும் வரியும் சேராமல், யூனிட்டுக்கு ஏறத்தாழ 44 சென். 30 யூனிட்டுக்கு 13 ரிங்கிட்டுச் சொச்சம். அந்த மின்சாரத்தில் சுமார் 180 கிலோமீட்டர் ஓடலாம். அதே தூரத்திற்கு, நூறு கிலோமீட்டருக்கு ஏழு லிட்டர் குடிக்கும் பெட்ரோல் காடி என்றால், பூடி95 திட்டத்தின் 1.99 ரிங்கிட் விலையில் 25 ரிங்கிட் ஆகும். வீட்டில் பிளக் உள்ளவனுக்குப் பாதிச் செலவு மிச்சம்.

பொது முனையில் கணக்கு தலைகீழாகிறது. நான் செருகிய மெதுமுனையில் யூனிட்டுக்கு 90 சென். மொத்தம் 27 ரிங்கிட். அதற்குமேல் கார் நிறுத்தக் கட்டணம். வேகமுனைகளில் யூனிட் விலை ஒரு ரிங்கிட்டைத் தாண்டிவிடுகிறது. 1.40 ரிங்கிட் என்று வைத்தால் 42 ரிங்கிட். சில இடங்களில் நிமிடக் கணக்கு. அங்கே மின்சாரத்தை மெதுவாக வாங்கும் காடிக்கு அதே யூனிட்டுக்குக் கூடுதல் பணம். 80 விழுக்காட்டிற்கு மேல் எந்தக் காடியும் மெதுவாகத்தான் வாங்கும் என்பதால், நிமிடக் கணக்குள்ள இடத்தில் அதோடு கழற்றிக்கொண்டு கிளம்புவது நல்லது.

பக்கத்து மேசையில் இருந்த இளைஞர் என் காடியைப் பார்த்துவிட்டுப் பேச்சுக் கொடுத்தார். தொழிற்பேட்டையில் இரவு வேலை முடிந்து வந்தவர்.

“வாங்கலாம்னு ஆசைதாண்ணே. நாங்க இருக்கறது ஃபிளாட், மூணாவது மாடி. கீழ வரைக்குமா வயர் இழுக்கறது?”

எனக்குப் பதில் வரவில்லை. செனாவாங்கை அடுத்த துவாங்கு ஜாஃபர் தொழிற்பேட்டையில்தான் சம்சுங் எஸ்டிஐ மின்கலத் தொழிற்சாலை இருக்கிறது. தொலைக்காட்சிப் படக்குழாய் செய்யத் தொடங்கிய இடம், பிறகு மின்கலத்திற்கு மாறியது. 2022 ஜூலையில் அங்கே இரண்டாவது ஆலைக்கு அடிக்கல் நாட்டினார்கள். முதலீடு 1.7 டிரில்லியன் கொரிய வோன். மின்கலம் செய்யும் ஊரில், மின்சாரக் காடிக்கு ஆசைப்படும் தொழிலாளிக்குச் செருக ஒரு பிளக் இல்லை.

2025க்குள் 10,000 பொது முனைகள் என்பது அரசாங்கத்தின் இலக்காக இருந்தது. அதில் 9,000 மெதுமுனைகள், 1,000 வேகமுனைகள். வேகமுனைகள் இலக்கைத் தாண்டிவிட்டன. பின்தங்கியவை மெதுமுனைகள்தாம். வேகமுனை நெடுந்தூரம் போகிறவனுக்கு. மெதுமுனை அந்த ஊரிலேயே இருக்கிறவனுக்கு. வீட்டில் சார்ஜர் பொருத்தும் செலவுக்கு 2,500 ரிங்கிட் வரை வருமான வரிக் கழிவும் உண்டு. ஆனால், பொருத்த வீட்டு வாசல் வேண்டுமே!

மதியம் காடியை எடுத்துக்கொண்டு அத்தை வீட்டிற்குப் போனேன். ஐந்து மாடி, மின்தூக்கி இல்லை. நான்காம் மாடிக்கு ஏறி மூச்சு வாங்கியபடி காலைக் கதையைச் சொன்னேன். அத்தை சிரித்தார்.

“எங்க லயத்துல இஞ்சின் கரண்டுதான்டா. சாயங்காலம் போடுவாங்க, பத்து மணிக்கு நிறுத்திடுவாங்க. கிராணி பங்களாவுல மட்டும் விடிய விடிய வெளிச்சம் இருக்கும். நாங்க அதுக்குள்ள துணிய இஸ்திரி போட்டு, பிள்ளைங்களப் படிக்க வச்சி, எல்லாத்தையும் முடிச்சிடணும்.”

கொஞ்ச நேரம் கழித்து அவரே கேட்டார்: “ராத்திரி பூரா கீழ சும்மாதானே நிக்குது காடி? அங்கேயே ஒரு பிளக் வச்சா என்ன?”

அதுதான் விஷயம். ஃபிளாட்டின் கீழே காடி பத்து மணி நேரம் நிற்கிறது. கொமுட்டர் நிலையத்தில் விட்டுவிட்டுக் கோலாலம்பூருக்கு வேலைக்குப் போகிறவரின் காடியும் அப்படித்தான் நிற்கிறது. அங்கெல்லாம் விலை உயர்ந்த வேகமுனை தேவையில்லை. 7 கிலோவாட் போதும். ஃபிளாட்டின் கூட்டு நிர்வாகக் குழு ஒத்துக்கொள்ளவேண்டும், கட்டடத்தின் மின்சுமை தாங்குமா என்று பார்க்கவேண்டும், முறையான உரிமம் வேண்டும், பழுதானால் உடனே வந்து பார்க்க ஓர் ஆள் வேண்டும். எதுவும் நடக்காத காரியம் அல்ல. ஆண்டுக் கூட்டத்தில் யாராவது எழுந்து கேட்கவேண்டும்.

மறுநாள் காலை கிளம்பும்போது திரையில் 77 விழுக்காடு. மலாக்காவுக்குத் தாராளம். மாடி முகப்பிலிருந்து அத்தை குரல் கொடுத்தார்: “அடுத்த மாசம் எங்க ஃபிளாட்டுல கூட்டம் இருக்கு. அந்த ஏழு கிலோவாட்டுங்கறத ஒரு காகிதத்துல எழுதிக் கொடுத்துட்டுப் போ. நான் கேட்கறேன்.”

காடியை அணைத்துவிட்டு, மறுபடியும் நான்கு மாடி ஏறினேன்.