காட்டுக்கு ஒரு பாஸ்புக்

ஒரு சின்னக் கணக்கு. 4 அடி சுற்றளவு, 10 அடி நீளத்தில் ஒரு தேக்குத் தடி கிடக்கிறது. எத்தனை கன அடி?

ஸ்கூலில் படித்த 'பை' எல்லாம் போட்டுப் பார்த்தால் கிட்டத்தட்ட 12.7 வரும். மரக்கடைக்காரரைக் கேளுங்கள். டேப்பைச் சுற்றுவார். 'நாலில் கால் பங்கு ஒண்ணு. ஒண்ணு இண்டு ஒண்ணு இண்டு பத்து. பத்து கன அடி சார்!' முடிந்தது.

மீதி? திருட்டில்லை. உருண்டைத் தடியைச் சதுரமாக அறுக்கும்போது வீணாகிற பக்கவாட்டுக்கான கழிவு என்பார்கள். எட்வர்ட் ஹோப்பஸ் என்ற ஆங்கிலேயர் 1736-லேயே இதற்கு அட்டவணை போட்டுப் புத்தகம் வெளியிட்டார். வெள்ளைக்காரன் போய்விட்டான், கால் சுற்றளவுக் கணக்கு போகவில்லை. நூற்றுக்கு 21-க்கு மேல் குறைத்தே காட்டும். விற்கிறவர், வாங்குகிறவர் இருவருக்கும் தெரியும் என்பதால் விலையில் சரிக்கட்டிக்கொள்கிறார்கள்.

பி.காம் படித்த எனக்கு உறுத்துவது வேறு. நிலம்பூர் தேக்கு டிப்போவில் ஏலத்துக்கு அடுக்கியிருந்த தடிகளைப் பார்த்து அசந்துபோனேன். ஒவ்வொன்றுக்கும் நம்பர், சுத்தியலால் அடித்த முத்திரை. காட்டில் வெட்டும் முன்பே மரத்துக்கு நம்பர் போட்டு, அடிக்கட்டையிலும் முத்திரை குத்துவார்கள். கட்டையும் தடியும் டேலி ஆகவேண்டும். லாரி கிளம்ப பெர்மிட் வேறு. அருமையான ஸ்டாக் ரெஜிஸ்டர்!

ஆனால், இதெல்லாம் வித்டிராயல் கணக்கு. எடுத்ததை மட்டும் பைசா சுத்தமாக எழுதி, பாக்கி எவ்வளவு என்று பார்க்காமல் விட்டால்? முத்திரை இல்லாமல் ராத்திரியில் போன தடி எந்தப் பக்கத்திலும் ஏறாதே!

அதே நிலம்பூரின் கோதவர்மன் திருமுல்பாடு, நம் கூடலூர் பக்கம் மரங்கள் வெட்டப்படுவதை எதிர்த்து 1995-ல் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். 1996 டிசம்பர் 12-ல் வந்த உத்தரவு நாட்டுக்கே பொருந்தியது. யாருடைய காடாக இருந்தாலும், மத்திய அரசு ஒப்புக்கொண்ட 'வொர்க்கிங் பிளான்' இல்லாமல் மரம் வெட்டக் கூடாது.

அதென்ன பிளான்? பாட்டி பாஷையில், 'வட்டியை எடுத்துக்கோ, முதல்ல கை வைக்காதே.' எத்தனை மரம் நிற்கிறது, வருஷத்துக்கு எவ்வளவு பருக்கிறது என்று அளந்தால்தான் எவ்வளவு வெட்டலாம் என்று சொல்ல முடியும். விழுந்த மரத்தை அளப்பது சுலபம். நிற்கிற மரத்தை அளக்கத்தான் காட்டுக்குள் நடக்கவேண்டும்.

அரசாங்கக் காடு என்றால் உங்களுடையது, என்னுடையது. ஜாயின்ட் அக்கவுண்ட். 'தேக்கு ஏலத்தில் இத்தனை லட்சம் வருமானம்' என்று பேப்பரில் பார்த்தால் சந்தோஷப்படுங்கள். கூடவே ஒரு கேள்வியும் கேளுங்கள்: 'பாக்கி நிற்கிறது எத்தனை சார்?'