மலையடிவாரத்துத் திடல்

ஜவ்வாது மலைக்குச் செல்வோர் பீமன் அருவியையும் காவலூர் வானாய்வகத்தையும் கண்டு திரும்புவர். அங்கு 1986-இல் இயங்கத் தொடங்கிய 2.34 மீட்டர் தொலைநோக்கியை வியந்து பேசுவர். இம்முறை நம் உள்ளத்தைக் கவர்ந்ததோ, மலையினின்று இறங்கி வந்து கண்ட ஒரு கால்பந்துத் திடல்.

ஜமுனாமரத்தூரிலிருந்து ஆலங்காயம் வழியாகத் திருப்பத்தூருக்குப் பேருந்தில் வந்தோம். மலைவாழ் மக்களுள் ஒரு தந்தையும் மகனும் உடன் வந்தனர். மகனைத் தூய நெஞ்சக் கல்லூரியில் சேர்க்க வேண்டுமென்பது தந்தையின் ஆவல். 1906-இல் தஞ்சைக்கு வந்த சலேசிய சபையார், 1951-இல் இக்கல்லூரியைத் தொடங்கினர். வேலூர் மறைமாவட்டம் உருவானதே அதற்கு மறு ஆண்டில்தான்.

வளாகத்துள் நுழைந்ததும் மகனின் கண்கள் வகுப்பறைகளை நாடவில்லை. விளையாட்டுத் திடலிலேயே நிலைத்தன. தந்தை சிரித்தார். "மலையில சமதரை கெடைச்சா சாமை வெதைச்சிருவோம், சாமி. அறுப்பு முடிஞ்சாத்தான் பசங்க பந்தாட முடியும்" என்றார்.

அச்சொல் நம்மைத் தூரின் நகருக்கே இட்டுச் சென்றது. 1846-ஆம் ஆண்டு. புனித தொன் போஸ்கோ ஏழைச் சிறுவர்களுடன் இடம் இடமாய் அலைந்த காலம். இறுதியாக வாடகைக்குப் பெற்ற புல்வெளியின் உரிமையாளரும், சிறுவர் மிதித்துப் புல்லின் வேரே பட்டுப்போகிறதென்று வெளியேறச் சொல்லிவிட்டனர். அந்தக் குருத்து ஞாயிறன்று அவர் கண்ணீர் சிந்தினார். மறு வாரம், உயிர்ப்புப் பெருவிழாவன்று, வால்தோக்கோவில் ஒரு கொட்டகையும் சிறிது நிலமும் கிட்டின. சலேசியத் திடல்களின் வரலாறு அக்கண்ணீரில் தொடங்குகிறது.

1884 மே 10-இல் உரோமையிலிருந்து அவர் எழுதிய மடலும் விளையாட்டுத் திடலைப் பற்றியதே. பெரியவர்கள் பிள்ளைகளோடு கலந்து விளையாடிய நாளில் அன்பும் நம்பிக்கையும் தழைத்தன. அவர்கள் ஒதுங்கி நின்று கண்காணிக்கத் தொடங்கியதும் உள்ளங்கள் விலகின என்று வருந்துகிறார்.

அமெரிக்காவில் 1927-இல் திறக்கப்பட்ட மிச்சிகன் பல்கலைக்கழக அரங்கில் இன்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அமரலாம். ஆனால் ஆடுவோர் சிலரே, ஏனையோர் பார்ப்போர். தொன் போஸ்கோ விரும்பிய திடலிலோ, பார்ப்போருக்கு இடம் குறைவு, ஆடுவோருக்கே இடம்.

"எங்கள மாதிரிப் பசங்களையும் இதுல வெளையாட விடுவாங்களா, சாமி?" என்று அந்த இளைஞன் கேட்டான்.

"சேர்ந்துவிட்டால் இது உன் திடலும்தான், தம்பி" என்றோம். சொல்லும்போதே நெஞ்சு உறுத்திற்று. சென்ற ஆண்டு பந்து பட்டு ஆலயச் சன்னல் கண்ணாடி உடைந்தது முதல், நம் பங்கு வளாகத்தின் கதவை மாலைதோறும் பூட்டி வருபவர் நாமே அல்லவா? புல் பட்டுப்போகிறதென்ற அவ்வுரிமையாளருக்கும் நமக்கும் என்ன வேறுபாடு?

ஊர் திரும்பிய அன்றே பூட்டைக் கழற்றினோம். சன்னலுக்குக் கம்பிவலை அடித்துக்கொள்ளலாம். ஆண்டவர் இல்லத்து வாசலில் விரட்டப்பட்ட பிள்ளையை மீண்டும் அழைத்து வருவது அத்துணை எளிதன்று.

அன்பர்களே, உங்கள் ஊரில் பூட்டிக் கிடக்கும் கதவு எது?