மாசும் துளையும்

தமிழ் பயிற்றும் எம்மிடம் இயற்பியல் ஐயமொன்று வருமென யாம் எண்ணியதில்லை. பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ்வழியில் பயின்று பொறியியல் கல்லூரியில் சேர்ந்தவன் எம் தமக்கை மகன். முதற்பருவ விடுமுறையில் வந்தவன், "படிப்பை விட்டுவிடலாமென்று நினைக்கிறேன் மாமா. துளை ஓடுகிறது என்கிறார்கள். இல்லாத ஒன்று எப்படி ஓடும்?" என்றான்.

அன்றிரவு அவனுடைய ஆங்கில நூலையும் பழைய மேனிலைத் தமிழ்ப் பாடநூலையும் அருகருகே விரித்து இருவரும் அமர்ந்தோம்.

தாமிரம் மின்சாரத்தை நன்கு கடத்தும், கண்ணாடி கடத்தாது. இடைப்பட்டது சிலிக்கான் என்னும் குறைகடத்தி. அதன் ஒவ்வோர் அணுவும் தன் 4 இணைதிறன் எலக்ட்ரான்களை அண்டை அணுக்கள் நான்குடன் பகிர்ந்து நிற்கிறது. அப்பிணைப்பினின்று ஓர் எலக்ட்ரான் விடுபட ஏறத்தாழ 1.1 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வேண்டும். வெப்பம் மிகுந்தால் விடுபடுவனவும் மிகும். ஆதலின் சூடேறும்போது உலோகத்தின் கடத்துதிறன் குறைய, தூய சிலிக்கானின் கடத்துதிறன் கூடுகிறது. விடுபட்ட எலக்ட்ரான் விட்டுச்சென்ற வெற்றிடமே துளை.

"வலீமா விருந்தில் பந்தியின் முதல் ஆள் எழுந்து போகிறார். இரண்டாமவர் அவ்விடத்திற்கு நகர்கிறார். மூன்றாமவர் இரண்டாமவர் இடத்திற்கு. நகர்ந்தவர்கள் ஆட்கள்தாம். ஆனால் காலியிடம் பந்தியின் கடைசிவரை போய்விட்டதா, இல்லையா?" என்றோம். அவன் முகம் தெளிந்தது.

அடுத்து மாசூட்டல். பாஸ்பரஸ் அணுவுக்கு இணைதிறன் எலக்ட்ரான்கள் 5. பிணைப்புக்குப் போக ஒன்று எஞ்சும். போரானுக்கு 3, அங்கே ஒரு துளை பிறக்கும். முன்னது என் வகை. பின்னது பி வகை. 1 கோடி சிலிக்கான் அணுக்களுக்கு 1 பாஸ்பரஸ் அணு சேர்ந்தாலே, அறை வெப்பநிலையில் கட்டற்ற எலக்ட்ரான்கள் ஏறத்தாழ 5 இலட்சம் மடங்கு பெருகும். இவ்விருவகையும் கூடும் சந்தியே டையோடு. 1947 டிசம்பரில் பெல் ஆய்வகத்தில் பார்டீனும் பிராட்டைனும் ஜெர்மானியத்தில் முதல் டிரான்சிஸ்டரை இயக்கிக் காட்டினர்.

மாசின்மையே சிறப்பென்று பல்லாண்டு கற்பித்த எமக்கு இது புதுப்பாடம். முதலில் மிகத் தூய்மையாக்கி, பின்னர் அளந்து சேர்க்கும் மாசே இங்குப் பயன் தருகிறது.

விடுமுறை முடிந்து அவன் கல்லூரிக்குத் திரும்பினான்; பையில் அந்தத் தமிழ்ப் பாடநூலும் இருந்தது. தமிழ்வழி மாணவர் முதலாண்டில் இடறுவது அறிவுக் குறையால் அன்று. இரு மொழிச் சொற்களுக்கிடையே பாலம் இல்லாமையால். அப்பாலம் அமைப்பது இயற்பியல் துறைக்கு மட்டுமன்று, தமிழ்த்துறைக்கும் உரிய கடன் என்பதை அவ்விரவு எமக்கு உணர்த்திற்று.