பனித் தூபியும் சூர்பொன்னும்

லடாக்கின் ஆண்டு மழையளவு ஏறத்தாழ 100 மில்லிமீட்டர்தான். அங்குள்ள வேளாண்மை பனி உருகி வரும் ஓடைகளையே நம்பியிருக்கிறது. ஏப்ரல், மே மாதங்களில் விதைப்புக்கு நீர் வேண்டும். பனியாறுகள் போதிய அளவு உருகுவதோ ஜூனில். குளிர்கால ஓடைநீரோ எவருக்கும் பயன்படாமல் கழிகிறது.

இந்த இடைவெளியை நிரப்பச் சோனம் வாங்சுக் 2013இல் மேற்கொண்ட முயற்சியே பனித் தூபி. ஓடையின் மேற்பகுதியிலிருந்து குழாய்வழி இறங்கும் நீர், உயர வேறுபாடு தரும் அழுத்தத்தால் மேல்நோக்கிப் பீறிட்டு, கடுங்குளிரில் விழும்போதே உறைகிறது. மோட்டாரோ மின்சாரமோ தேவையில்லை. கூம்பு வடிவத்தில், கொள்ளளவை நோக்க வெயில் படும் பரப்பு குறைவு. ஆதலால் வசந்தம்வரை முற்றும் கரையாது நிற்கிறது. 1980களிலேயே பொறியாளர் செவாங் நோர்பெல் செயற்கைப் பனியாறுகளை அமைத்திருந்தார். அவற்றுக்கு மலையுயரமும் நிழலும் வேண்டியிருந்தன. தூபியை ஊரருகிலேயே எழுப்பலாம்.

ஆயினும், மேலே குழாயில் ஏற்றப்படும் நீர் மேலூருக்கு உரியதா, கீழூருக்கு உரியதா? லடாக்கி மொழியில் 'சூ' என்பது நீர். 'பொன்' என்பது தலைவர். வயல்களுக்கு முறைவைத்து நீர் பகிரும் ஊர்ப் பொறுப்பாளரே 'சூர்பொன்'. தமிழக ஏரிப்பாசனத்தின் நீர்க்கட்டியை ஒத்தவர். தூபி குளிர்கால நீரை வசந்தத்துக்குக் கொண்டுசேர்க்கிறது. பங்கிடுவதற்கு இன்றும் ஊர் ஒப்புக்கொண்ட ஒரு மனிதர் வேண்டும். பனித் தூபியின் படங்களை வியந்து பகிர்வோர், சூர்பொன் என்ற இச்சொல்லையும் உடன் பகிரலாம்.