காற்றும் கல்லும்

ஐம்பெரும் பூதங்களுள் நாம் மிகுதியாக உட்கொள்வதும், குறைவாக நினைப்பதும் காற்றேயாம். உண்ணும் சோற்றை அளந்து உண்கிறோம். பருகும் நீரைக் காய்ச்சிப் பருகுகிறோம். ஆயின் நாளொன்றுக்கு 10,000 லிட்டருக்கு மேலாக நம்முள் புகும் காற்றைக் குறித்து, அது எதனைச் சுமந்து வந்தது என்று வினவுவார் அரியர். செங்கற்பட்டிலும் மாமல்லபுரக் கரையிலும் நாம் கண்டவற்றைக் கொண்டு இப்பொருளைப் பற்றிச் சிறிது கூறப் புகுகின்றோம்.

காற்று தனிப்பொருள் என்றே முன்னோர் கொண்டனர்; ஐரோப்பியரும் நெடுங்காலம் அவ்வாறே எண்ணியிருந்தனர். 1772-ஆம் ஆண்டில் டேனியல் ரூதர்போர்டு என்பார் நைட்ரஜனைப் பிரித்துணர்ந்தார். 1774-இல், சமயப் போதகராயிருந்த ஜோசப் பிரீஸ்ட்லி, பாதரசத்திலிருந்து உண்டாகும் செந்நிறத் துகளைக் காய்ச்சிப் பிராணவாயுவைப் பெற்றார். எரிதலும் சுவாசித்தலும் தம்முள் ஒத்த செயல்களே என்று லவாசியே என்னும் பிரெஞ்சு அறிஞர் விளக்கினார். 1894-இல் ராலே பிரபுவும் ராம்சேயும் ஆர்கானைக் கண்டனர். உலர்ந்த காற்றின் 100 பங்கில் நைட்ரஜன் 78, பிராணவாயு 21, ஆர்கான் ஒன்றுக்குச் சற்றுக் குறைவு. கரியமிலவாயுவோ 10,000 பங்கில் 4 பங்கு மாத்திரமே. இச்சிறு பங்கே பயிர்களுக்கு உணவு. பூமியின் வெப்பம் வெளியேறாமல் போர்வைபோல் காப்பதிலும் இதற்குப் பங்குண்டு. ஆலைகள் பெருகுமுன் 10 லட்சம் பங்கில் 280 ஆயிருந்த இது, இன்று 420-ஐக் கடந்துவிட்டது.

இனி, அசுத்தக் காற்று என்பது யாது? காற்று தானாகக் கெடுவதில்லை. நாம் எரிப்பதும் அரைப்பதும் அதிற் கலக்கின்றன. செங்கற்பட்டின் வழியே செல்லும் பெருஞ்சாலையில் இரவும் பகலும் மோட்டார் வண்டிகள் ஓடுகின்றன. இயந்திரத்தின் கடும் வெப்பத்தில், இயல்பாய் ஒன்றோடொன்று சேராத நைட்ரஜனும் பிராணவாயுவும் சேர்ந்து நச்சுவாயுக்கள் ஆகின்றன. இவற்றின்மேலும் எரியாத எண்ணெய் ஆவியின்மேலும் வெயில் படும்போது ஓஸோன் பிறக்கின்றது. மேலே வானில் சூரியனது தீய கதிர்களைத் தடுத்து நம்மைக் காக்கும் அதுவே, தரையருகில் மூச்சுக்குழலைப் புண்படுத்துகின்றது. முற்றும் எரியாத எண்ணெயினின்று தோன்றும் கார்பன் மோனாக்ஸைடோ, குருதியின் செந்நிறப் பொருளைப் பிராணவாயுவைக் காட்டிலும் 200 மடங்கு வலுவாகப் பற்றிக்கொள்ளும்.

நமது ஜில்லாவுக்கு இறைவன் அளித்த மருந்து கடற்காற்று. வெயிற்காலத்தில் நிலம் கடலினும் விரைந்து சூடேற, நிலத்தின்மேலுள்ள காற்று இலேசாகி எழும்புகின்றது. அவ்விடத்தை நிரப்பக் கடலின் குளிர்ந்த காற்று உட்புகுகின்றது. மாமல்லபுரத்தில் நண்பகலில் வீசத் தொடங்கும் அது, திருக்கழுக்குன்றத்தைக் கடந்து செங்கற்பட்டை எட்டும்போது, திண்ணையில் இருப்போர் மேல்துண்டைத் தளர்த்தி மகிழ்வர். அது புகையையும் கலைத்துவிடும். ஆனால் மார்கழி, தை மாதத்து விடியற்காலையில் தரையருகே குளிர்ந்த காற்றும் அதன்மேல் வெதுவெதுப்பான காற்றும் மூடிபோல் நிற்க, புகை எழ வழியின்றித் தங்கிவிடுகின்றது. அந்நேரத்திலன்றோ போகித் தீ மூட்டுகின்றோம்! பழம்பாயும் ஓலையும் எரிந்த காலம் போய், ரப்பர் சக்கரமும் பிளாஸ்டிக்கும் எரியலாயின. 2018-ஆம் ஆண்டுப் போகியன்று புகைமூட்டத்தால் சென்னையில் விமானங்கள் இறங்க இயலாமற் போனதைப் பலரும் அறிவர்.

நிற்க. மாமல்லபுரத்தில் கடற்காற்றே வேறொரு வேலையும் செய்கின்றது. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராஜசிம்ம பல்லவன் எடுப்பித்த கடற்கரைக் கோயிலின்மீது அது உப்பைத் தூவுகின்றது. உப்புநீர் கல்லின் நுண்துளைகளுட் புகுந்து, வெயிலில் உலர்ந்து, படிகமாகிப் பருத்து, கல்லின் மணிகளை ஒவ்வொன்றாய்ப் பெயர்க்கின்றது. சிற்பங்களின் முகங்கள் மழுங்கியதற்கு இதுவே பெருங்காரணம். தொல்பொருள் இலாகாவினர் கரையிற் கற்களைக் குவித்து அலையைத் தடுத்தும், சவுக்கு மரங்களை வளர்த்துக் காற்றைத் தணித்தும், காகிதக்கூழைப் பூசி உப்பை உறிஞ்சி எடுத்தும் அக்கோயிலைப் பேணி வருகின்றனர். 1984-இல் அது உலக மரபுச் செல்வங்களுள் ஒன்றாகவும் ஏற்கப்பட்டது.

பழங்கல்லுக்கு இத்தனை காவல் இருக்க, புதுக்கல்லைச் செதுக்குவார்க்கு யாது காவல்? மாணவர் சிலருடன் அவ்வூர்ச் சிற்பக்கூடம் ஒன்றிற்குச் சென்றிருந்தோம். மின்சாரச் சக்கரம் கருங்கல்லில் உராய, வெண்மையான பொடி புகைபோல் எழுந்தது. முதிய சிற்பி ஒருவர் தம் மகனைச் சுட்டிக்காட்டி, "ஐயா, உளி உதிர்த்த பொடி காலடியில் விழுந்தது, இந்தச் சக்கரம் உதிர்க்கிற பொடி எங்கே போகிறதென்றே தெரியவில்லை. ராத்திரியில் இவன் இருமுகிறபோது எனக்குத் தூக்கம் வருவதில்லை" என்றார். உடன் வந்த மாணவர் அனைவரும் வாய்திறவாது நின்றனர்.

அப்பொடி எங்கே போகின்றது என்பதை ரசாயன சாஸ்திரமும் வைத்திய சாஸ்திரமும் நன்கறியும். கருங்கல்லிற் பெரும்பங்கு சிலிகா கலந்தது. பெருந்துகளை மூக்கும் தொண்டையும் தடுத்துவிடும். ஒரு மில்லிமீட்டரில் 200-இல் ஒரு பங்கினும் சிறியவை நுரையீரலின் கடைசிச் சிற்றறைவரை சென்று தங்கும். அவற்றை விழுங்க வரும் உயிரணுக்கள் மடிய, அவ்விடம் தழும்பேறி விறைக்கும். சிலிகோசிஸ் எனப்படும் இந்நோய்க்கு மருந்தில்லை. க்ஷயரோகத்துக்கும் இது வாயிலாகும். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே இதனை அரசினர்க்கு அறிவிக்கவேண்டிய வியாதிகளுள் வைத்தது. எனினும் நாலைந்து பேர் கூடித் தொழில்செய்யும் சிறு கூடங்களை அச்சட்டம் பொதுவாக எட்டவில்லை. 2017-இல் மாமல்லபுரக் கற்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கல்லுக்குக் கிடைத்த அப்பெருமை அதைச் செதுக்கும் மார்புக்கும் பயன்படவேண்டாமோ?

தீர்க்கும் மருந்து இல்லையாயினும் தடுக்கும் வழி உண்டு. அது அரிதும் அன்று. அறுக்கும் இடத்தில் நீர் சொட்டிக்கொண்டிருந்தால் பொடி சேறாகிக் கீழே விழும். காற்று பின்னிருந்து வீசும்படி அமர்ந்தால் பொடி முகத்தைவிட்டு அகலும். முகத்திற் கட்டும் துண்டு நுண்துகளைத் தடுக்காது. அதற்கென்று அமைந்த முகமூடியே தடுக்கும். ரசாயனம் பயிலும் மாணவர்கள் விடுமுறையில் இரண்டு நாள் அக்கூடங்களுக்குச் சென்று இவற்றைச் செய்துகாட்டுவாராயின், அவர் கற்ற கல்வி தேர்வு மண்டபத்தோடு நின்றுவிடாது. சிலை வாங்கச் செல்லும் பழைய மாணவர்கள், விலையைக் கேட்குமுன் அறுப்புச் சக்கரத்தின் அருகே நீர்க்குழாய் உண்டோ என்று கேட்பாராக. வாங்குவோர் கேட்பதை விற்போர் செய்வர் என்பது உலக வழக்கு. நீர்க்குழாய் ஒன்றுக்கு ஆகும் செலவு, ஒரு சிறு சிலையின் விலைக்கும் குறைவேயாம்.